வெளியாட்களுக்கான பதில்

ஸான்பீட் பள்ளத்தாக்கு
மார்ச் 2, 1997

அன்புள்ள தம்பி டெலாய்,

இங்கே நானும் உன் அத்தான் எல்டனும் உயிரோடு இருக்கிறோம், வான்கோழிகளும் இருக்கின்றன. என் முதுகு மட்டும் தனிக்குடித்தனம் போவேன் என்று அடம்பிடிக்கிறது. உனக்கும் நோரீனுக்கும் உடம்பு எப்படி? உன் நெஞ்செரிச்சல் நின்றதா?

போனில் கேட்டால் என்ன என்று நோரீன் சிரிப்பாள். அம்மா போட்ட சட்டம் உனக்குத் தெரியும். போன் சாவுக்கும் பிறப்புக்கும் மட்டும், மற்றதெல்லாம் காகிதத்தில். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை மீறவில்லை. போன் மணி அடித்தால் இன்றைக்கும் யார் போனது என்றுதான் முதலில் தோன்றுகிறது.

எங்கள் சபைக்குப் புது பிஷப் வந்திருக்கிறார். எல்டனோடு வான்கோழி ஆலைக்கு லாரி ஓட்டுகிற ஸோரென்சன்தான். திங்கள் முதல் சனி வரை லாரி, ஞாயிறு பிஷப். சம்பளமா கொடுக்கிறோம்? மனுஷன் பயந்து போயிருக்கிறார். பிரசங்க மேடையைப் பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் முன்னோர்கள் மாட்டுவண்டியில் மலை தாண்டி வந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறதென்று மறுபடி வண்டி ஓட்டப் போகிறார்கள் இல்லையா? அதைச் சாக்கிட்டு நியூயார்க் பத்திரிகைக்காரி ஒருத்தி இந்தப் பக்கமும் வருகிறாளாம். அவளுக்கு 'சாதாரண மார்மன் குடும்பம்' ஒன்று வேண்டுமாம். பிஷப் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"சகோதரி வெல்டா, நீங்கதான் நல்லா சமைப்பீங்க, நல்லா பேசுவீங்க. உங்க தம்பி வேற சால்ட் லேக்ல, நம்ம சபைத் தலைமையகத்துல, பத்திரிகைக்காரங்களுக்குப் பதில் சொல்ற வேலையிலயே இருக்காரு" என்றார்.

"சமையல் சரி பிஷப். பேச்சுதான் பயமா இருக்கு" என்றேன்.

தாத்தா காலத்துப் பலதாரத்தை வைத்து எத்தனை பெண்டாட்டி என்று கேட்பாள், ஆலயத்தில் சத்தியம் செய்த பிறகு நாம் போடுகிற உள்ளாடையைப் பற்றிக் கேட்பாள், அதெல்லாம் தெரிந்ததுதான். செத்த பிறகு நீங்களெல்லாம் கடவுள் ஆவீர்களாமே என்று கேட்டால்? ஆவோம் என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளிடமும் அப்படியே சொல்லட்டுமா? நீ சொன்னால் தைரியமாக இருக்கும்.

மயானத்தில் பனி இன்னும் உருகவில்லை. என் கரோலுடைய கல்லறைக் கல் அதன் அடியில் எங்கேயோ கிடக்கிறது. பார்த்துப் பத்திரமாக இரு.

அக்கா வெல்டா

*

சால்ட் லேக்
மார்ச் 14, 1997

அன்புள்ள அக்கா,

உன் முதுகுக்கு நோரீன் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். என் நெஞ்செரிச்சலுக்கு மருந்து இல்லை. அது காலையில் டெலிபோன் வழியாக வருகிறது.

நேற்று லண்டனிலிருந்து ஒருவன்.

"சார், உங்களுக்கு எத்தனை மனைவி?"

"ஒண்ணு."

"நிஜத்தைச் சொல்லுங்க சார், நான் எழுத மாட்டேன்."

"ஒருத்தியே என்னை வச்சுச் சமாளிக்கிறது பெரும்பாடுன்னு சொல்றா, இன்னொருத்தி எங்கேயிருந்து வருவா?"

சிரித்தான். அவன் எழுத மாட்டேன் என்றது உண்மைதான். ஒற்றை மனைவிக்காரனைப் பற்றி யார் எழுதுவார்கள்?

இத்தனை வருஷத்தில் இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதே. அவர்கள் கேட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நீ நினைக்கிற கேள்விக்குப் பதில் சொல். பொய் சொல்ல வேண்டாம். வேறு ஏதாவது உண்மையைச் சொன்னால் போதும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வெளியாட்களிடம் பேசப் போகிற நம் ஆட்களுக்காக நான் அலுவலக முத்திரைத் தாளில் எழுதியது. கடவுள் ஆவோமா, மறுமையில் என்ன செய்வோம் என்று கேட்டால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'அதைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. நாங்கள் அதை வலியுறுத்துவதில்லை. குடும்பங்கள் என்றென்றும் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம்.' முகத்தைச் சுளிக்காதே அக்கா. வாசலில் வந்து நிற்கிறவளை நேரே படுக்கையறைக்கா கூட்டிப் போவாய்? கூடத்தில் உட்காரவைக்கிறோம், அவ்வளவுதான்.

அத்தானிடம் அதிகம் பேச வேண்டாம் என்று சொல். அவருடைய நகைச்சுவை அச்சில் நன்றாக இருக்காது.

உன் தம்பி
டெலாய்

*

ஸான்பீட்
ஏப்ரல் 20, 1997

அன்புள்ள டெலாய்,

தைலம் நன்றாகக் கேட்கிறது, நோரீனுக்கு என் நன்றி. எல்டனுக்கு ஒரு காது சுத்தமாக அடைத்துவிட்டது. அதுவும் என் பக்கத்துக் காதுதான் என்று சந்தோஷப்படுகிறார்.

பத்திரிகைக்காரி வந்துவிட்டுப் போனாள். ரேச்சல் என்று பெயர். இந்தச் சேற்றுக் காலத்தில் மெல்லிய செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள் பாவம், என் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். நல்ல பெண். மாட்டிறைச்சி வறுவல், ரொட்டி, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி எல்லாம் வைத்தேன். ஜெல்லியைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, "இது சாலடா, இனிப்பா?" என்று கேட்டாள்.

"அதைப் பத்தி எங்களுக்கு அதிகம் தெரியாதும்மா. நாங்க அதை வலியுறுத்துறதில்ல" என்றார் உன் அத்தான்.

காலை மிதித்தேன். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

பெண்டாட்டி, உள்ளாடை, கடவுள் எல்லாம் கேட்டாள். உன் தாளை மனப்பாடம் செய்திருந்தேன், தடுமாறாமல் சொன்னேன். பிறகு கூடத்துச் சுவரில் கரோலுடைய படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு, உங்க பேத்தியா?"

"என் மூத்த பொண்ணு. மூணு வயசுல பாசன வாய்க்கால்ல விழுந்து போயிட்டா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அவளைத் திரும்பப் பாப்பீங்கன்னு நம்புறீங்களா? எப்படி இருப்பா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உன் தாளில் உள்ளபடி பதில் சொன்னேன். அதன் பிறகு அவளுக்கு வான்கோழிக் கொட்டகையைக் காட்டக் கூட்டிப் போனோம்.

எல்டன் அன்று சாயங்காலம் சாப்பிடாமலே படுக்கப் போய்விட்டார். களைப்பாக இருந்திருக்கும். பிஷப் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொள்ளக் கேட்டார், கொடுத்தேன்.

ஆப்ரிகாட் மரம் பூத்துவிட்டது. இன்னொரு உறைபனி வந்தால் எல்லாம் போய்விடும். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

வெல்டா

*

சால்ட் லேக்
மே 11, 1997

அன்புள்ள அக்கா,

அத்தானின் காதுக்கு இங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார், கூட்டி வா. அவர் விரும்பினால்தான்.

கட்டுரை வந்துவிட்டது! பாதிப் பக்கம். உன் அடுப்பங்கரை, உன் ரொட்டி, உன் ரப்பர் பூட்ஸ். ஜெல்லி ஜோக்கைக்கூடப் போட்டிருக்கிறாள். மேலதிகாரி என் மேசைக்கே நடந்து வந்து, "டெலாய், உங்க அக்காவுக்கு இங்க ஒரு நாற்காலி போட்டுடலாம் போலிருக்கே" என்றார். அவர் என் மேசைக்கு வருவது வழக்கமில்லை.

கரோலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: 'மகள் மறுமையில் எப்படி இருப்பாள் என்பது தங்களுக்கு அதிகம் தெரியாது என்று அமைதியாகச் சொல்கிறார் இந்தத் தாய்.' அழகாக வந்திருக்கிறது. நன்றாகச் சமாளித்தாய்.

பிஷப்புக்கு எதற்கு அந்தத் தாள்? வான்கோழிகளுக்குப் பேட்டி கொடுக்கப் போகிறாரா?

இங்கே வண்டி ஊர்வலத்தால் ஒரு நாளைக்கு எத்தனை தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து நோரீன் "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்டால்கூட, இவள் எதற்காகக் கேட்கிறாள் என்று ஒரு கணம் யோசிக்கிறேன். தூக்கம் குறைவு, மற்றபடி சுகம்.

டெலாய்

*

ஸான்பீட்
ஜூன் 8, 1997

அன்புள்ள டெலாய்,

முதல் தீவனப்புல் அறுப்பு முடிந்தது, அதனால்தான் எழுதத் தாமதம். கைகால் எல்லாம் இருக்கிறது. நீ தூங்குகிறாயா? நோரீனை எழுதச் சொல், உன்னைக் கேட்டால் வேறு எதையாவது சொல்வாய்.

கட்டுரையை எல்டன் வெட்டி எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

உன் தாளை வைத்து பிஷப் என்ன செய்தார் என்று கேட்டாயே. போன ஞாயிறு சபையில் வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, வேதம் வாசிக்கிற குரலில். "சகோதர சகோதரிகளே, மறுமை விஷயமா இனிமே நாம எப்படிப் பேசணும்னு மேலேயிருந்து வந்திருக்கு" என்றார்.

கிழவர் மேட்ஸன் எழுந்துவிட்டார். "ஏன் பிஷப், நான் எப்பவோ போகப் போறவன். கடவுள் ஆகப் போறோம்னு நம்பித்தானே இத்தனை வருஷம் ஒரு வாய் காபி குடிக்காம இருந்தேன்? இப்ப வந்து 'அதிகம் தெரியாது'ன்னா என்னய்யா நியாயம்?"

சபையே சிரித்தது. பிஷப் சிரிக்கவில்லை. "சகோதரரே, நான் லாரி ஓட்டுறவன். சால்ட் லேக் முத்திரை போட்டு வந்திருக்கு. அதுக்கு மேல நான் என்ன பேசுறது?" என்றார்.

குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த முத்திரையோடு கழிவறைக் குழாயைப் பற்றிக் காகிதம் வந்தாலும் நாங்கள் எழுந்து நின்று கேட்போம். நீ இந்த ஊரில் பிறந்தவன், உனக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

அவருக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடு தம்பி. இது வெளியாட்களுக்கானது, நமக்கில்லை என்று. முத்திரைத் தாளிலேயே எழுது. அவர் நிம்மதியாகிவிடுவார். நானும்தான்.

அக்கா

*

ஸான்பீட்
ஜூலை 27, 1997

டெலாய்,

ஜூனில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஊர்வல வேலை என்று நினைத்துக்கொண்டேன். வண்டிகள் வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், மைக்குகளுக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய். இளைத்துவிட்டாய்.

பக்கத்து வீட்டு ஜனெலை உனக்குத் தெரியும், என் கடைசிப் பெண்ணோடு படித்தவள். அவளுடைய கைக்குழந்தை டாஸன் தொட்டிலில் தூங்கினவன் எழவில்லை. மருத்துவர்களுக்கும் காரணம் தெரியவில்லை.

நான்தான் உடுத்திவிட்டேன். இந்தச் சபையில் செத்துப்போன எத்தனையோ பெண்களுக்கு ஆலயச் சடங்குக்கான உடை உடுத்தி அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு ஆலய உடை கிடையாது, வெறும் வெள்ளைச் சட்டை. என் கையால் தைத்தேன். பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது ஜனெல் கேட்டாள்.

"சகோதரி வெல்டா, இவனை நான் திரும்ப வளப்பேனா? இதே மாதிரி குழந்தையாவே என் கையில குடுப்பாங்களா? இல்ல, அங்க யாராவது வளத்து ஆளாக்கி, இதுதான் உன் மகன்னு காட்டுவாங்களா?"

'குழந்தையாவேதான்' என்று வாயெடுத்தேன். கதவருகே பிஷப் நின்றிருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "சகோதரி, ரொம்ப விவரமா சொல்ல வேண்டாமே. மேலே சொன்னபடியே..." என்றார், மெதுவாக.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, டெலாய். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அடுத்த பொத்தானைப் போட்டேன்.

அடக்க ஆராதனையில் அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று பிஷப் சொன்னார்: அதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது, நாம் அதை வலியுறுத்துவதில்லை, குடும்பங்கள் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். உன் வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

கரோலின் பெட்டி முன்னால் நீ நின்று சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? மிஷன் ஊழியம் முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாய், கோட்டுகூடப் பெரிதாக இருந்தது. "அக்கா, அவ இதே உயரத்துல எழுந்து வருவா. நீதான் அவளுக்குச் சடை பின்னிவிடுவே. அவ வளர்றதுல ஒரு நாள்கூட உனக்குக் குறையாது" என்றாய். அந்தப் பேச்சை நம்பித்தான் அடுத்த நாள் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அதற்கடுத்த நாளும். இன்று வரைக்கும்.

ஜனெலிடம் நான் என்ன சொல்லட்டும்? நாம் அதைக் கற்பிக்கிறோமா இல்லையா? கேட்ட கேள்விக்கே பதில் சொல்.

வெல்டா

*

சால்ட் லேக்
ஆகஸ்ட் 9, 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நோரீன் அழுதாள். ஜனெலுக்கும் அவள் கணவனுக்கும் எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். இந்தக் கடினமான நேரத்தில் அவர்கள் குடும்பத்துக்குச் சபையின் அன்பும் ஜெபமும் துணையிருக்கும் என்று நம்புகிறோம்.

ஜூன் கடிதத்துக்குப் பதில் போடாதது மறதியால் இல்லை. ஒரு வரிதானே என்கிறாய். அந்த வரி என்ன சொல்லும்? வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று சொல்லும். அதை முத்திரைத் தாளில் எழுதி நான் கையெழுத்தும் போட்டு, அது ஒரு நிருபர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசி.

நீ தனியாக ஜனெலிடம் சொல்லலாம். யாரும் தடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அவரவர் மனதுக்கு ஆறுதல் தருவதை நம்புவதில் தவறில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். பத்திரிகைக் குறிப்பு மாதிரி இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுத உட்கார்ந்தேன், அதுவும் இப்படியே வந்தது. கை அப்படிப் பழகிவிட்டது அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

டெலாய்

*

ஸான்பீட்
ஆகஸ்ட் 17, 1997

டெலாய்,

சுகம். எல்டனும் சுகம்.

நீ வெறும் தாளில் எழுதியதைக் காட்டினேன், பிஷப் ஏற்கவில்லை. "தம்பி அக்காவுக்கு எழுதினதுதானே சகோதரி" என்கிறார்.

ஜனெல் ஞாயிறுதோறும் சபைக் கட்டிடம் வரை வருகிறாள். காரை விட்டு இறங்குவதில்லை. கணவன் உள்ளே வருகிறான், இவள் முடியும் வரை காரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பீச் பழுக்க ஆரம்பித்துவிட்டது.

வெல்டா

*

சால்ட் லேக்
செப்டம்பர் 10, 1997

அன்புள்ள அக்கா,

நெஞ்செரிச்சல் இப்போது சாப்பிடாவிட்டாலும் வருகிறது. உனக்கு முதுகு எப்படி?

இதோடு பிஷப்புக்கு ஒரு கடிதம். முத்திரைத் தாள்தான். உனக்குத் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

'அன்புள்ள பிஷப் ஸோரென்சன், மார்ச் மாதத் தாள் வெளியாட்களிடம் பேசுவதற்காக மட்டுமே எழுதப்பட்டது. நம் போதனை எதுவும் மாறவில்லை. சிறு வயதில் இறந்த பிள்ளைகளை உயிர்த்தெழுதலுக்குப் பின் அவர்களுடைய தாய்மாரே வளர்ப்பார்கள் என்று ஆதி நாள் முதல் கற்பித்துவருகிறோம். பரம பிதாவைப் போல் நாமும் ஆவோம் என்பதையும் அப்படியே கற்பித்துவருகிறோம்.'

எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன பிறகு தட்டச்சு செய்தேன். சொந்த வீட்டில் திருடுகிற மாதிரி இருந்தது. மேலதிகாரிக்குத் தெரிந்தால் என் மேசையை அன்றைக்கே காலி செய்ய வேண்டியதுதான். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? காட்டி முடித்ததும் எரித்துவிடு.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனிமேல் எனக்குக் கடிதத்தில் 'அன்புள்ள' என்று போடுவாய் அல்லவா?

உன் தம்பி

*

ஸான்பீட்
செப்டம்பர் 28, 1997

அன்புள்ள தம்பி டெலாய்,

போட்டுவிட்டேன், பார். நீ செய்தது சின்ன காரியமில்லை என்று எனக்குத் தெரியும். எல்டனிடம் சொன்னேன். "பரவால்ல, பயலுக்கு முதுகெலும்பு இருக்கு" என்றார். உன் நெஞ்செரிச்சலை மருத்துவரிடம் காட்டு.

பிஷப் உன் கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் சகோதரி தப்பா புரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நேராகக் காருக்குப் போனோம். ஜனெல் கண்ணாடியை இறக்கினாள். அவர் குனிந்து முழுக்க வாசித்துக் காட்டினார்.

கேட்டுவிட்டு, "அந்தப் பழைய தாள் இருக்கா பிஷப்?" என்றாள். அவர் பைபிளுக்குள் வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் ஸ்டியரிங் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் அதே முத்திரை. ரெண்டையும் எழுதினது ஒரே ஆளு. பத்திரிகைக்காரிக்கு எது வேணுமோ அதை அவளுக்குச் சொன்னாங்க. இப்ப அழுதுக்கிட்டிருக்கிறவளுக்கு எது வேணுமோ அதை எனக்குச் சொல்றாங்களா? இதுல எது வெளியாளுக்கு எழுதினது?"

பிஷப் என்னைப் பார்த்தார். நான் உன் கடிதத்தைப் பார்த்தேன். 'கற்பித்துவருகிறோம்' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. 'நம்புகிறேன்' என்று எங்கேயும் இல்லை. டெலாய், அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் தேடினேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன், என் தம்பி நேரிலேயே வருவான் என்று. நவம்பர் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து மனதில் இருப்பதைச் சொல்கிற நாள்தானே. காகிதம் எதுவும் கொண்டு வராதே. கரோலுக்குச் சொன்னதை எழுந்து சொல். கார்க் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தால் அவளுக்குக் கேட்கும்.

ஜாடிகளில் போட்ட பீச்சை ஒரு பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். நீ வருவாய் என்று ஒன்றிரண்டு இங்கேயும் வைத்திருக்கிறேன்.

அக்கா

*

சால்ட் லேக்
அக்டோபர் 24, 1997

அன்புள்ள அக்கா,

பீச் வந்து சேர்ந்தது, ஒரு ஜாடிகூட உடையவில்லை. எப்படித்தான் கட்டினாயோ! நோரீன் முதல் ஜாடியை அன்றைக்கே திறந்தாள். அம்மா போடுகிற மாதிரியே பட்டை வாசனை. கடைசித் துண்டுக்கு நாங்கள் சண்டை போட்டோம்.

மருத்துவரைப் பார்த்தேன், வயிற்றில் புண்ணாம். பால் குடிக்கச் சொன்னார். அத்தானின் காது எப்படி இருக்கிறது? நன்றி கூறும் நாள் விருந்துக்கு வான்கோழி விலை இந்த வருஷம் பரவாயில்லை என்று பத்திரிகையில் பார்த்தேன், உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். மலைப்பாதையில் சீக்கிரமே பனி கொட்டும் என்கிறார்கள். பனிக்கால டயர் மாற்றிவிட்டீர்களா?

நவம்பர் முதல் வாரம் இங்கே ஜெர்மனியிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வருகிறது. என்னைத்தான் கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பமாகச் சேர்ந்திருப்பதைவிடப் பெரியது உலகத்தில் எதுவும் இல்லை என்று நானும் நோரீனும் அடிக்கடி பேசிக்கொள்கிறோம்.

ஜனெலுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் தம்பி
டெலாய்

*

ஸான்பீட்
நவம்பர் 2, 1997

அன்புள்ள டெலாய்,

உன் கடிதம் வந்தது. நான் கேட்டதற்கு அதில் பதில் இருந்தது.

டயர் மாற்றியாயிற்று. விலை பரவாயில்லை. எல்டனின் காது அப்படியேதான் இருக்கிறது.

இருந்தாலும் இன்று காலை கூட்டத்தில் என் பக்கத்தில் உனக்கு ஓர் இடம் வைத்திருந்தேன், வழியில் தாமதமாகியிருக்குமோ என்று. கிழவர் மேட்ஸன் எழுந்து வழக்கம்போல நெடுநேரம் பேசினார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போய் ஜனெலின் காரில் ஏறிக்கொண்டேன்.

"என் தம்பி வரல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"சரி, நான் சொல்றேன் கேட்டுக்கோ. கரோலை நான் வளப்பேன். இதே கையால சடை பின்னிவிடுவேன். நீ டாஸனை வளப்பே. குழந்தையாவே உன் கையில வருவான்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். வேற யாரும் சொல்லல."

"நிஜமா உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது" என்றேன். "ஆனா வலியுறுத்துறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ரொம்ப நேரம் அழுதாள். காரை விட்டு இறங்கவில்லை. எனக்குக் குளிருமே என்று சாவியைத் திருப்பி ஹீட்டரைப் போட்டாள். உள்ளே பாடி முடிக்கும் வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

உன் முத்திரைக் கடிதத்தை நீ சொன்னபடியே அடுப்பில் போட்டுவிட்டேன், பயப்படாதே. எனக்குக் கோபம் இல்லை. அலுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். அந்தப் பெரிய கோட்டுப் போட்ட பையனை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

வயிற்றைப் பார்த்துக்கொள். பால் குடி. பீச் தீர்ந்ததும் காலி ஜாடிகளைத் தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும். எவ்வளவு நாளானாலும் சரி, நீயே எடுத்துக்கொண்டு வா.

அக்கா வெல்டா